எழுதிய தூரமும் பறந்த தூரமும்

முப்பத்தாறு வயதில் நான் ஓய்வு பெற்றேன். புனே கசார்வாடியில் எங்கள் சந்தில் இதைச் சொன்னால், உடம்புக்கு ஏதாவதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் வேலை பார்த்த தனியார் விமான நிறுவனம், ஊருக்கு ஊர் இருந்த எங்கள் பிரிவை மூடி, எல்லா வேலையையும் மும்பையில் ஒரே அறைக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே வர முடியாதவர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். அம்மாவைத் தனியாக விட்டுப் போக முடியாததால் வாங்கிக்கொண்டேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஹடப்சரில் ஒரு பயிற்சி நிலையத்தில் வகுப்பு எடுக்கிறேன்.

போன மாதம் அங்கே ஒரு மாணவி, கணினியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினாள். தூரமும் பறக்கும் நேரமும் உடனே திரையில் வந்தன. "சார், இதுதான் உங்க வேலையா? இதுக்கு ஒரு ஆள் எதுக்கு இருந்தாங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் பெட்டி தூக்கியவர். சம்பளம் வாங்கக் கைநாட்டு வைப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் அச்சில் வந்த எதையும் நம்பிவிடுகிற பழக்கம் எனக்கு இருந்தது. தாளில் எண் இருந்தால் அது உண்மை. பி.எஸ்சி. முடித்து, ஒரு வருடம் படித்துப் பரீட்சை எழுதி, தொண்ணூறுகளின் நடுவில் டிஸ்பாட்சர் ஆனேன்.

டிஸ்பாட்சர் விமானம் ஓட்டுபவன் அல்ல. ஓட்டுபவர் கையெழுத்துப் போடுகிற தாளைத் தயார் செய்பவன். எந்த வழியாகப் போவது, எந்த உயரத்தில், எத்தனை நிமிடம், அதற்கு எவ்வளவு எரிபொருள், இறங்க முடியாமல் போனால் வேறு எந்த ஊர், அங்கே போக எவ்வளவு, இவ்வளவும் ஏற்றிய பிறகு ஆட்களுக்கும் மூட்டைகளுக்கும் எவ்வளவு எடை மிச்சம். எல்லாம் ஒரே தாளில் வரவேண்டும். ஒரு எண் மாறினால் கீழே உள்ள எல்லா எண்ணும் மாறும்.

எங்கள் பிரிவின் தலைவி ஜோஷி மேடம். என்னைவிட ஆறு ஏழு வயதுதான் கூடுதல். பருத்திச் சேலையும் காலில் கேன்வாஸ் ஷூவும். காலையில் வந்ததும் ஐந்து பென்சில்களைச் சீவி வரிசையாக வைப்பார். விமானி கையெழுத்துப் போடும்வரை தாளில் பேனா படக்கூடாது. "சுமார்" என்ற சொல்லை அவர் முன்னால் உச்சரிக்கக்கூடாது. மராத்தியிலும் அதே சொல்தான் என்பதால் நான் தமிழில் முணுமுணுத்தாலும் பிடித்துவிடுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு இருந்தால் தாளைத் திருப்பி நம் பக்கம் தள்ளிவிட்டு, தன் டப்பாவைத் திறந்து போஹே, அதாவது அவல் உப்புமா, சாப்பிட ஆரம்பிப்பார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் நாம் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவருடைய மேசைக்குப் பின்னால் இந்தியாவின் பெரிய வரைபடம். விமானங்கள் கடந்துபோக வேண்டிய புள்ளிகளில் குண்டூசி குத்தியிருக்கும். முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு நூல்கண்டைக் கொடுத்தார்.

"புனேயிலிருந்து சென்னைக்கு நூலை இழுத்துப் பிடி. அளந்து சொல்."

இழுத்து, அளவுகோலில் வைத்துச் சொன்னேன். நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு கடல்மைல். கிலோமீட்டரில் தொள்ளாயிரத்துப் பத்து சொச்சம்.

"இப்போது குண்டூசிகளைச் சுற்றிக்கொண்டு போ."

நூல் கொஞ்சம் கூடப் பிடித்தது. முப்பது கடல்மைல் அதிகம்.

"முதலில் அளந்தது வரைபடத்தின் தூரம். இரண்டாவது நம் விமானத்தின் தூரம். நீ எழுத வேண்டியது எது?"

புனேயில் ஓடுபாதை விமானப்படையுடையது. நமக்கு அங்கே சில மணி நேரங்கள்தான் தருவார்கள். அவர்கள் பறக்கிற பகுதியைச் சுற்றித்தான் நம் வழி. சில நாள் அந்தப் பகுதி சும்மா இருந்தால், விமானம் மேலே ஏறிய பிறகு, நேராகப் போகலாம் என்று அனுமதி கிடைக்கும். அப்போது நான்கு நிமிடம் மிச்சமாகும். அப்படிக் கிடைக்கும் என்று நம்பித் தாள் எழுதக்கூடாது. அதுதான் விதி. அதை நான் ஒரே ஒருமுறை மீறப் பார்த்தேன்.

வேலையில் சேர்ந்து நான்காவது வருடம், மே மாதம். கசார்வாடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி மாணிக்கம் அண்ணன் இருந்தார். ஆரணிப் பக்கத்து ஊர்க்காரர். லேத் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவருடைய தம்பி ஏழுமலையும் அதே ஷெட்டில்தான். ஏதோ பேச்சில் தொடங்கி, அண்ணனும் தம்பியும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அடுத்தடுத்த மெஷினில் நின்றுகொண்டு, "அந்த ஸ்பேனரை அவர்கிட்டேர்ந்து வாங்கிக் குடு" என்று மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள்.

மாணிக்கம் அண்ணன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் மனைவி சரோஜா அண்ணி உறுதியாக இருந்தார். காகிதங்கள் வாங்கி, உடலைப் பதப்படுத்தி, பெட்டி செய்து முடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை ஏழுமலை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சேகரு, உங்க பிளேன்ல பெட்டி ஏத்துவாங்களாமே? நா, அண்ணி, பையன், மூணு பேரு. எத்தினி மணிக்குப் போய்ச் சேரும்? ஊர்ல வண்டி சொல்லணும்."

"மூணரைக்குக் கிளம்பும்ணா. அஞ்சு மணிக்குச் சென்னை. எல்லாரும் ஒண்ணாப் போயிடலாம்."

சொல்லிவிட்டேன். தாள் எழுதவில்லை, காற்று பார்க்கவில்லை, எடை தெரியாது. வீட்டில் பனியன் போட்டுக்கொண்டு நின்றபடி, தினமும் நூறு பேருக்குச் சொல்கிற பதிலை ஒரு சாவு வீட்டுக்கும் சொன்னேன். அவர் நேரே போய் ஊருக்குப் போன் போட்டார். ராத்திரி பெட்டி வந்துவிடும், காலை எட்டு மணிக்கு எடுப்பது என்று ஊரில் முடிவாகிவிட்டது. மூன்று நாள் ஆன உடல். அதற்கு மேல் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மதியம் ஒரு மணிக்கு நான் தாளை எடுத்தேன். அன்று புனேயில் நாற்பது டிகிரி. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், அதே ஓடுபாதையில் விமானம் தூக்கக்கூடிய எடை குறையும். சென்னையில் மாலை இடியுடன் மழை வரலாம் என்று அறிவிப்பு. அதனால் அங்கே வட்டமடிக்கவும், முடியாவிட்டால் பெங்களூருக்குத் திரும்பவும் எரிபொருள் வேண்டும். ஒரு பக்கம் தூக்கும் எடை குறைகிறது, மறு பக்கம் எரிபொருள் கூடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டது ஆட்களும் பெட்டியும்.

சரக்கை எல்லாம் முதலில் இறக்கினேன். வாகன உதிரிபாகங்கள் கிடங்கில் தங்கின. அப்படியும் எண்பது கிலோ அதிகம் வந்தது. அதாவது ஒரு ஆள், அவர் பையோடு.

வெயில் தாழக் காத்திருக்கலாமா என்று பார்த்தேன். நான்கு மணிக்கு மேல் ஓடுபாதை நமக்கு இல்லை. யாராவது தாங்களாக இறங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒருவரும் முன்வரவில்லை, அவரவருக்கு அவரவர் அவசரம். அப்படியானால் கடைசியாக டிக்கெட் வாங்கியவர் இறங்க வேண்டும். கடைசி மூன்று டிக்கெட்டும் அந்த வீட்டுடையதுதான்.

பென்சிலை வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். நேற்று நேராகப் போக அனுமதி கொடுத்தார்கள். முந்தாநாளும் கொடுத்தார்கள். நேர்த்தூரத்தை எழுதினால் நான்கு நிமிடம் குறையும். நூற்றறுபது கிலோ எரிபொருள் குறையும். மூன்று பேரும் பெட்டியும் போகலாம். ஐந்நூற்று இருபத்திரண்டை அழித்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். கீழே உள்ள எண்கள் எல்லாம் அழகாக உட்கார்ந்தன.

ஜோஷி மேடம் தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். தூரத்தில் விரல் நின்றது. தாள் என் பக்கம் திரும்பி வந்தது. அன்று அவர் டப்பாவைத் திறக்கவில்லை.

"நேராக விடுவதாக யார் சொன்னார்கள்?"

"நேற்று விட்டார்கள் மேடம். முந்தாநாளும்."

"நேற்று விட்டதை நேற்றைய தாளில் எழுது. இன்றைக்குக் கையில் அனுமதி இருக்கிறதா?"

"இல்லை. மேலே போன பிறகுதான் தருவார்கள்."

"விமானி இந்தத் தாளை நம்பித்தான் எரிபொருள் போடச் சொல்வார். சென்னையில் மேகம் கட்டிக்கொண்டு நின்றால், உன் நான்கு நிமிடத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்?"

"மேடம், அவர்கள் எங்கள் சந்துக்காரர்கள். பெட்டியில் இருக்கிறவர் எனக்குச் சின்ன வயதிலிருந்து..."

அவர் கையை உயர்த்தினார். "முதலில் அழி. அழித்த பிறகு சொல். உட்கார்ந்து கேட்கிறேன்."

அழித்தேன். பழைய எண்ணை மறுபடி எழுதினேன். எண்பது கிலோ திரும்பி வந்தது. அவர் உண்மையாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு, மும்பைக்குப் போன் போட்டு அங்கிருந்து சென்னைக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். மாலை விமானம் நிரம்பிவிட்டது. காலை முதல் விமானத்தில் போனாலும் ஊர் சேர மதியம் ஆகும்.

"நீயே போய்ச் சொல்" என்றார். "கவுண்டர்காரர்களை அனுப்பாதே. காலையில் வார்த்தை கொடுத்தவன் நீ."

மூவரும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் அம்மாவின் பையை மடியில் வைத்திருந்தான். நான் போய் நின்று, வெயிலையும் எடையையும் பற்றி ஏதேதோ சொல்லி, "மூணு பேர்ல ஒருத்தர்..." என்று இழுத்தேன். முடிக்கவில்லை.

"நா எறங்கிக்கிறேன்" என்றார் ஏழுமலை.

அவ்வளவு வேகமாகச் சொன்னார். சரோஜா அண்ணி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியதைப் பார்த்துவிட்டு அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு புனே ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் வரிசையில் நிற்கும்போது சொன்னார்:

"ரெண்டு வருசம் ஒரே ஷெட்ல பேசாத நின்னோம். இன்னிக்கி நீ ஒரே பிளேன்ல ஏத்திடலாம்னு பாத்தே. அண்ணனுக்கு ஒத்துக்கல போலக்கீது."

சிரிக்கச் சொன்னதா என்று தெரியாமல் நான் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணினேன். ரயில் அவரை மறுநாள்தான் சென்னையில் சேர்க்கும். அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருக்கும்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது சென்னையிலிருந்து செய்தி வந்திருந்தது. புறப்பட்டு ஆறாவது நிமிடத்தில் நேராகப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. மேகம் தெற்கே ஒதுங்கிவிட்டது. வட்டமடிக்கவில்லை. எழுதியதைவிட நான்கு நிமிடம் முன்னால் இறங்கியிருந்தது. நான் எழுதி அழித்த தூரத்தைத்தான் அது பறந்திருந்தது.

ஜோஷி மேடமும் படித்தார். தாளை என் பக்கம் தள்ளவில்லை. கோப்பில் வைத்தார். நானும் அடுத்த விமானத்தின் தாளை எடுத்தேன். செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் மாணவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் சரியாகச் செய்த அந்தத் தாள் போல வேறு எந்தத் தாளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

ஒரு வாரம் கழித்து ஏழுமலை ஊரிலிருந்து வந்தார். வேலை முடித்து வரும் வழியில் நெடுஞ்சாலை ஓர டீக்கடையில் அவரை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நூலால் அளந்த இரண்டு தூரம், நான் எழுதியது, அழித்தது, விமானம் பறந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? இருந்தாலும் முடியவில்லை.

"அப்ப எடம் இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுண்ணா. ஆனா கிளம்பும்போது யாருக்கும் தெரியாது."

"மேல போனதும் நேராப் போன்னு சொன்னவன், கீழ இருக்கும்போதே சொன்னா வாய் வலிக்குமா?"

"அது அவங்க முறைண்ணா. முன்னாடி கேட்டாச் சொல்ல மாட்டாங்க."

"நல்ல மொற."

அரை கிளாஸ் கட்டிங் சாயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸைப் பெஞ்சில் ஓங்கி வைத்தார். கோபமாகத்தான் இருந்தார். பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்தவர்போல என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல சேகரு. 'போவ மனசு இல்ல, அதான் ஆளுக்கு முந்திக்கினு எறங்கிட்டான்'னு ஊர் பூரா சொல்லிக்கினு இருக்காங்க. பொணத்த ஏத்தி வுட்டுட்டுத் தம்பிக்காரன் பூனாவுலயே குந்திக்கினான்னு பங்காளிங்க பேசறானுங்க. நா சொன்னா எவன் நம்பறான்? பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவணும். நீ இத அப்டியே எழுதிக் குடு."

"எதண்ணா?"

"எங்கிட்ட இப்ப சொன்னத. ஒண்ணையும் வுடாத."

அப்போதுதான் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அண்ணனிடம் பேசாதவன், அண்ணனோடு ஒரே விமானத்தில் போகப் பிடிக்காமல் முந்திக்கொண்டான் என்று அந்தம்மா நினைத்திருக்கிறார். யாராவது ஒருவர் இறங்கியே ஆகவேண்டும் என்று நான் சரியாகச் சொல்லி முடிக்கவேயில்லை.

நிறுவனத்தின் காகிதத்தில் எழுதக்கூடாது. வெள்ளைத்தாளில் என் பெயரில் எழுதினேன். பத்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன்தான். ஆனாலும் கடல்மைல், எரிபொருள், ஓடுபாதை இதையெல்லாம் ஆரணிப் பக்கத்து வீட்டில் ஒருவர் படித்துக் காட்ட மற்றவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டுமே. நான்கு முறை கிழித்துப் போட்டேன். மதிய இடைவேளையில் ஜோஷி மேடம் என் மேசைக்கு வந்து, தெரியாத எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"இரண்டு தூரத்தையும் போட்டாயா?"

"போட்டிருக்கிறேன்."

"நான் அழிக்கச் சொன்னதையும்?"

"அதையும்."

"சரி. எடையையும் போடு. ஒரு ஆளுக்கு எவ்வளவு வைக்கிறோம், எவ்வளவு அதிகமாக இருந்தது, எல்லாம் போடு. தூரம் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். எடை புரியும்."

போட்டேன். பயணி ஒருவருக்கு எழுபத்தைந்து கிலோ என்று வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவது. ஒல்லி, குண்டு என்று பார்ப்பதில்லை. எண்பது கிலோ அதிகம் வந்தது. பெரிய ஆள் ஒருவர் பையோடு இறங்கினால்தான் விமானம் கிளம்ப முடியும். அண்ணி இறங்க முடியாது, கொள்ளி வைக்க வேண்டிய பையன் இறங்க முடியாது. ஏழுமலை அவர்கள் இறங்கியது அதனால்தான். அவர் இறங்காவிட்டால் அன்று பெட்டி இறங்கியிருக்கும். காலையில் மூவரும் போகலாம் என்று வாக்குக் கொடுத்தது என் தவறு. இப்படிக்கு என்று பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மட்டும் பேனா.

காரியம் முடிந்து நான்காம் நாள் ஏழுமலை வந்தார். வாசலிலேயே, ஒரு கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"படிச்சாங்களாண்ணா?"

"அண்ணியோட தம்பி வாத்தியாரு. அவரு படிச்சாரு, பந்தி போடறதுக்கு முன்னாடி, எல்லாரும் இருக்கச் சொல்ல. நூலு, குண்டூசில்லாம் படிக்கச்சொல்ல ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியல. ஒரு பெருசு தூங்கியே போச்சு."

"அப்புறம்?"

"எழுபத்தஞ்சு கிலோன்னு வந்திச்சு பாரு. 'எவனுக்கு, இவனுக்கா?'ன்னான் ஒருத்தன். எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தானுங்க. சட்டக்குள்ள ஆளே இல்ல, பிளேன்காரன் எங்க தராசு வச்சான்னு சிரிப்பு. சாவு வூட்டுல அப்டி ஒரு சிரிப்பு. எனக்கு ஒரு மாரி ஆயிடுச்சு. வாத்தியாரு, 'இருங்கப்பா'ன்னுட்டு மிச்சத்தப் படிச்சாரு. நா எறங்கலன்னா பெட்டி எறங்கியிருக்கும்னு எழுதியிருந்த இல்ல, அதப் படிக்கச்சொல்ல ஒருத்தன் மூச்சு வுடல."

"அண்ணி?"

"அண்ணி எந்திரிச்சி எங்கிட்ட வந்தாங்க. 'நீ இன்னா எடப்பா?'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாப்பத்தெட்டுன்னேன்" என்றார் ஏழுமலை. "குந்து, சாப்புடுன்னாங்க."